சுழி ஏறிய அடுப்பு

சேவலாம்பட்டியில் மனிதர்களைவிடக் கோழிகள் அதிகம், கோழிகளைவிட முட்டைகள் அதிகம், முட்டைகளைவிட வாய்ப்பேச்சு அதிகம் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பொறாமையில் சொன்னதுதான் என்றாலும் பொய்யில்லை. அந்த ஊர் நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அடுக்குகள் பாடம் எடுக்க ஆரம்பித்த அன்று, வசுமதி டீச்சர் கரும்பலகையில் நான்கு என்று பெரிதாக எழுதி, அதன் வலது தோளில் மூன்று என்று சின்னதாக எழுதி, "கீழ நிக்கறது அடிமானம், மேல ஏறி உக்காந்திருக்கறது அடுக்கு, மேல இருக்கறவன் சொல்ற தடவை கீழ இருக்கறவன் தன்னைத் தன்னாலயே பெருக்கிக்கணும்" என்று சொல்லி முடித்து, மணி அடித்ததும் டஸ்டரை எடுத்துத் துடைத்தார். நான்கு அழிந்தது. மூன்று அழியவில்லை.

மறுநாள் காலையில் அது பலகையில் இல்லை. பள்ளிக்கு எதிர்வீட்டுக் கண்ணாத்தாளின் வெங்காயக் கூடையில், வலது மேல் ஓரத்தில், சுண்ணாம்பு நிறத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. கண்ணாத்தாள் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், தேங்காய் நாரால் தேய்த்தாள், போகவில்லை என்றதும் விட்டுவிட்டாள். கூடையில் கிடந்தது நாலே நாலு வெங்காயம். பொழுது சாய்ந்து அவள் விளக்கு வைத்த நேரத்தில் கூடை நிரம்பி, வழிந்து, வாசல்படிவரை உருண்டது. கூடை ஓரத்து மூன்றைக் காணோம். எண்ணிப் பார்த்த பிள்ளைகள் அறுபத்து நாலு என்றார்கள். ஏன், எப்படி என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை, வீடு தேடி வெங்காயம் வந்தால் உரிப்பதா, காரணம் கேட்டுக்கொண்டு நிற்பதா? அன்று தெரு முழுக்க வெங்காயச் சாம்பார் மணத்தது.

அதன் பிறகு சின்ன எண்கள் ஊருக்குள் காக்காய் வருவதுபோல வரப்போக இருந்தன. காலையில் எதன் மேலாவது வந்து உட்காரும், விளக்கு வைக்கும் நேரத்தில் தன் வேலையைச் செய்துவிட்டுப் போய்விடும். அது எதில் உட்காரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை, எழுதிக் கூப்பிட்டாலும் வரவில்லை, விரட்டினாலும் போகவில்லை. ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. மழைக்கும் வெயிலுக்கும் பழகிய ஊர்தானே!

ஆனால் பழகிய விதத்தில் ஒரு தப்பு இருந்தது. சேவலாம்பட்டி முட்டைக் கிடங்கில் பெட்டியின் வலது மேல் மூலையில் சாக்கட்டியால் ஒரு சின்ன எண் எழுதுவார்கள். உள்ளே அத்தனை அட்டை இருக்கிறது, அட்டைக்கு முப்பது முட்டை, முப்பதை அந்த எண்ணால் பெருக்கிக்கொள் என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து மூலையில் இருக்கும் எண்ணை இப்படியே வாசித்துப் பழகிய கண்கள் அவை. ஆகவே பண்ணைக்காரர் சின்னையன் தன் குஞ்சுக் கொட்டகைக் கதவின் மூலையில் ஒரு ரெண்டைப் பார்த்தபோது, உள்ளே இருக்கும் இருநூறு குஞ்சு நானூறாகப் போகிறது என்று சந்தோஷமாகக் கூடுதல் தீவனம் வாங்கிவந்து வைத்தார். வசுமதி டீச்சர் பள்ளி விட்டு அந்த வழியே வந்தவர் பதறிப்போய், "சின்னையண்ணா, கதவெல்லாம் திறந்து விடுங்க, இருநூறை ரெண்டால பெருக்கறதில்லீங்க இது, இருநூறை இருநூறால பெருக்கறது" என்றார். சின்னையன் சிரித்தார். "ஏனுங் டீச்சர், மூலை நம்பர் பார்த்தே முடி நரைச்சவன் நானு. எனக்கே பாடமுங்களா?"

விளக்கு வைத்த நேரத்தில் கொட்டகைக்குள் நாற்பதாயிரம் குஞ்சுகள் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக, கூரைவரை, மூச்சு விட இடமில்லாமல், கீச்சென்ற ஒரே சத்தம் எழும்பி, கம்பிவலை பிய்ந்து, சுவர் வெடித்து, அப்புறம் அந்தச் சத்தமும் அடங்கியது. அந்த மஞ்சள் குவியலைப் பார்த்த இரவுதான் சேவலாம்பட்டிக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. சின்னையன் அதன் பிறகு கோழி என்ற சொல்லையே வாயில் எடுப்பதில்லை.

ஒன்றை ஒன்றால் எத்தனை தடவை பெருக்கினாலும் ஒன்றுதான் என்று டீச்சர் சொன்னதை இப்போது ஊர் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டது. எல்லாவற்றையும் ஒற்றை ஒற்றையாக வைத்தார்கள். கூடைக்கு ஒரு வெங்காயம், கூண்டுக்கு ஒரு கோழி, பானைக்கு ஒரு கை அரிசி என்று ஆக்கிப் பார்த்து, அரிசியைக்கூட எண்ணத் தொடங்கிப் பைத்தியம் பிடிக்கும் அளவுக்குப் போய், அதைமட்டும் கைவிட்டார்கள். டீச்சர் அப்போது முழுகாமல் இருந்தார். அவருக்கு நடந்த வளைகாப்பில் கைக்கு ஒரே ஒரு வளையல்தான் போட்டார்கள். இரண்டு வளையல் உரசும் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்காமலே போயிற்று.

பிறகு சுழி வந்தது. முதலில் பொன்னுரங்கத்தின் ஆட்டுப்பட்டிக் கதவில் வந்தது. பரீட்சைத் தாளில் வாங்குகிற முட்டை மாதிரிதானே இருக்கிறது என்று ஊர் சிரித்தது. சுழி என்றால் ஒன்றும் நடக்காது என்றார்கள் பாதிப்பேர். பட்டியே காலியாகிவிடும் என்றார்கள் மீதிப்பேர். இரண்டுமில்லை, ஒரு ஆடு நிற்கும் என்றார் டீச்சர். யாரும் நம்பாததால் புங்கமரத்தடியில் உட்கார்ந்து புளியங்கொட்டைகளைப் பரப்பினார்.

"மூணு மேல மூணு, இருபத்தேழு கொட்டை. அடுக்கை ஒண்ணு இறக்கறேன். மூணா பங்கு வெச்சு ஒரு பங்கை எடுக்கறேன், ஒம்பது. இன்னும் ஒண்ணு இறக்கறேன், மறுபடியும் மூணா பங்கு வெக்கறேன், மூணு. இப்ப அடுக்கு ஒண்ணுல நிக்குது. இன்னும் ஒரு படி இறக்கினா அடுக்கு சுழி. மூணை மூணா பங்கு வெச்சா எத்தனைங்க?"

"ஒண்ணு," என்றது ஏழாம் வகுப்பு மொத்தமும். பொழுது சாய்ந்ததும் பொன்னுரங்கத்தின் பட்டியில் ஒரே ஒரு ஆடு நின்று, பக்கத்தில் எப்போதாவது இன்னொரு ஆடு இருந்தது என்ற நினைப்பே இல்லாததுபோல அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அடுத்தது நல்லம்மாளின் அடுப்பு. சுழி அடுப்பில் ஏறினால் அந்த அடுப்புச் சோறு சாப்பிடுகிறவர்கள்தான் கணக்கு என்பது அப்போது யாருக்கும் தெரியாது. வீட்டை விட்டு ஓடினால் தப்பிக்கலாம் என்று நல்லம்மாளும் புருஷனும் மாமியாரும் மூன்று பிள்ளைகளுமாக ராசிபுரம் பஸ் ஏறினார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு ராசிபுரத்தில் இறங்கியது நல்லம்மாள் மட்டும். கையில் ஆறு டிக்கெட். "இதெல்லாம் யாரோடதுங்க?" என்று நடத்துனரிடமே கேட்டுத் திருப்பிக் கொடுத்தாளாம். அழக்கூட இல்லை, அழ அவளிடம் எதுவும் மிச்சமில்லை. அதற்குப் பிறகு அவள் வந்தால் தெரு விலகி நின்றது. தீட்டு என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் யாரும் அவள் வீட்டுத் தண்ணீரைத் தொடவில்லை.

மூன்றாவது சுழி பொன்னுரங்கத்தின் அடுப்புக்கு வந்தபோது ஊர் கொஞ்சம் விவரமாகியிருந்தது. கடைசியாக எந்த அடுப்புச் சோறு வயிற்றில் இறங்குகிறதோ அந்த அடுப்புக்குத்தான் ஆள் சொந்தம் என்று டீச்சர் கணக்குப் போட்டுச் சொல்ல, பொன்னுரங்கத்தின் இரண்டு மகன்களும் ஓடிப்போய் ஆளுக்கொரு வீட்டில் ஒரு கவளம் வாங்கித் தின்றார்கள். உயிர் தப்பியது. ஆனால் விளக்கு வைத்ததும் பொன்னுரங்கம் வாசலில் நின்ற இரண்டு வாலிபர்களைப் பார்த்து, "வாங்க தம்பி, ஊருக்குப் புதுசுங்களா?" என்றார். அவர்களும் கைகூப்பி, "ஆமாங்க பெரியவரே, இங்க வாடகைக்கு வீடு கிடைக்குமுங்களா?" என்று கேட்டார்கள். அப்பனும் பிள்ளைகளும்தான் என்று ஊரே கூடிச் சொன்னது. மூவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். யாரோ சொல்லும் யாருடைய கதையையோ கேட்பதுபோலத் தலையாட்டினார்கள்.

வண்ணான்குட்டைப் பக்கத்தில் ஒரு குடும்பம், தங்கள் அடுப்பில் சுழி ஏறியதும், ஒருவரும் அடுப்பில் மிஞ்ச வேண்டாம் என்று மொத்தமாக வேறு வீடுகளில் சாப்பிட்டுவிட்டது. டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். சுழிக்கு மேல் சுழி ஏறினால் விடை என்ன என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்வதில்லை, பெரிய பெரிய கணக்கு வாத்தியார்களும் அங்கே கையை விரித்துவிடுகிறார்கள் என்று கத்தினார். அதற்குள் விளக்கு வைத்துவிட்டார்கள். அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று சேவலாம்பட்டியில் யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் பார்த்தால் கண் தானாக வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது.

அதோடு ஊர் கூடி முடிவெடுத்தது. ஆளுக்கொரு அடுப்பு. சுழி வரும்வரை காத்திருந்து பிரிந்தால்தானே மறதி, வருமுன்னே பிரிந்துகொண்டால்? புருஷன் ஒரு அடுப்பு, பெண்டாட்டி ஒரு அடுப்பு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு மூன்று கல் கூட்டி ஒரு அடுப்பு. தாய் ஊதிக்கொடுக்கலாம், ஊட்டக்கூடாது. சாயங்காலங்களில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நாலைந்து புகை தனித்தனியாக எழும்பும். கைக்குழந்தைக்காரிகள் மட்டும் வெளியூரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள், பால் குடிக்கிற பிள்ளைக்குத் தனி அடுப்பு எங்கே மூட்டுவது?

டீச்சரின் புருஷன் பழனியப்பன் லாரி ஓட்டுகிறவன். அவனுக்கு ஏற்கெனவே லாரிக்குள் ஒரு ஸ்டவ் இருந்தது, அதுவே அவன் அடுப்பாயிற்று. டீச்சருக்கு அம்மா இல்லை. பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, காலாண்டுப் பரீட்சை முடியட்டும், ராசிபுரம் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, நிறைமாத வயிற்றோடு ஒற்றை ஆளாகச் சமைத்துச் சாப்பிட்டுப் பள்ளிக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

புரட்டாசியில் ஒரு காலை, பால் காய்ச்சப் போனவர் தன் அடுப்பின் வலது மேல் ஓரத்தில் சுழியைப் பார்த்தார். ஒரு கணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பிறகு தானே சிரித்துக்கொண்டார். வயிற்றுக்குள் இருக்கும்வரை இருவரும் ஒருவர்தான், ஒன்றின் மேல் சுழி ஏறினால் ஒன்று. பாலைக் குடித்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பிப்போனார்.

சாப்பாட்டு மணிக்குப் பிறகு வலி கண்டது. எதிர்வீட்டுக் கண்ணாத்தாள் ஓடிவந்து கைத்தாங்கலாக டீச்சரை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். முதல் பிரசவம், நேரமாகும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வலி வந்த வேகத்தைப் பார்த்ததும் டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, விளக்கு வெக்கற வரைக்கும் தாங்கணும்க்கா, அதுவரைக்கும் பிள்ளை வெளிய வரக்கூடாது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் காலைப் பிடித்தார். தாயின் கணக்கு பிள்ளைக்கு எங்கே தெரியும்? வெயில் மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தபோது வண்டிக்கும் சொல்ல நேரம் கொடுக்காமல் பெண்ணொன்று பிறந்து, வீறிட்டது. கண்ணாத்தாள் பிள்ளையைத் துடைத்து மார்பில் போட்டாள். வாசலில் கூடிய பெண்கள் குலவையிட வாயெடுத்து, அடுப்பைப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டார்கள்.

"பால் குடுக்காம இருந்தா கணக்குல வராதில்லீங்களா?" என்றாள் ஒருத்தி.

"பத்து மாசம் அவ சோத்தைத்தான தின்னுச்சு," என்றாள் கண்ணாத்தாள். டீச்சர் ஆமாம் என்று தலையசைத்தார். அடிமானம் இரண்டு. இரண்டின் மேல் சுழி, ஒன்று. எது மிஞ்சும் என்று கணக்கு சொல்வதில்லை, ஒன்று மிஞ்சும் என்று மட்டும்தான் சொல்லும்.

ஒரே வழிதான் இருந்தது. பிறந்த பிள்ளைக்கு யாராவது சர்க்கரைத் தண்ணீர் தொட்டு நாக்கில் சேனை வைப்பது எங்கும் உள்ள வழக்கம். இன்னொரு அடுப்பின் சேனை இறங்கினால் பிள்ளை அந்த அடுப்புக்குப் போய்விடும். உயிர் நிற்கும். ஆனால் விளக்கு வைத்த பிறகு வசுமதிக்கு அது யார் பிள்ளை என்று தெரியாது. பிறந்து ஒரு நாழிகைகூட ஆகவில்லை. பிள்ளையின் காதோரத்தில் பூனைமுடி இன்னும் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, நீங்க வைங்க," என்றார் டீச்சர்.

கண்ணாத்தாள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். அந்தப் பிள்ளையை வெளியே எடுத்த கைகள் அவளுடையவை. அதிலிருந்த ரத்தம்கூட இன்னும் காயவில்லை. "கோவிச்சுக்காதீங்க டீச்சர். எம் புள்ளைக ரெண்டையும் தனி அடுப்பு ஆக்கிட்டு இப்பத்தான் ராவுல தூங்கறேன். இதைச் சேர்த்துக்கிட்டா மறுபடியும் நான் ரெண்டு. நாளைக்கே எங்கூட்டு அடுப்புல ஏறுச்சுன்னா?" என்று சொல்லிவிட்டு அழுதாள். டீச்சர் மற்றவர்களைப் பார்த்தார். ஒவ்வொருத்தியாகக் குனிந்துகொண்டார்கள். நல்லவர்கள்தான் எல்லோரும். பயம் வந்தால் நல்லவர்களும் குனிந்துதான் நிற்கிறார்கள்.

டீச்சர் போனை எடுத்தார். பழனியப்பன் ராய்ச்சூர் தாண்டி எங்கோ இருந்தான், விளக்கு வைப்பதற்குள் எப்படியும் வந்து சேர முடியாத தூரம். "பொண்ணு பொறந்திருக்குங்க. இடது புருவத்துல உங்களுக்கு இருக்கற மாதிரியே ஒரு சுழிப்பு. நல்லாக் கேட்டுக்கங்க. நீங்க வர்றப்ப நான் உங்ககிட்ட இதைச் சொல்ல மாட்டேன். எனக்குப் பிள்ளையே பொறக்கலைன்னு சொல்லுவேன். நம்பாதீங்க. யார் வீட்ல இருக்குதுன்னு தேடிக் கண்டுபிடிச்சு நீங்களாவது தூக்கிக்கங்க." அவன் என்னென்னவோ கேட்டான். அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

வெயில் கூரையை விட்டு மரத்து உச்சிக்கு ஏறிப் போயிருந்தது. எங்கோ ஒரு வீட்டில் விளக்குத் துடைக்கும் சத்தம் கேட்டது. வாசலில் நின்ற கூட்டம் திடீரென்று இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. நல்லம்மாள் வந்தாள். கையில் ஒரு கிண்ணம்.

"எங்கூட்ல ஆறு தட்டு இருக்குதுங்க டீச்சர்," என்றாள். "ஒண்ணுலதான் நான் திங்கறேன். மிச்சம் அஞ்சு எதுக்குன்னு தெரியல, ஆனா தெனமும் ஆறையும் கழுவி வெக்கறேன். என்னமோ மனசு கேக்க மாட்டேங்குது. புள்ளைய எங்கிட்டக் குடுங்க."

"நாளைக்கு உங்க அடுப்புல ஏறுச்சுன்னா, நல்லம்மாக்கா?"

"ஏறுனா ஏறட்டும். அப்ப நானும் இதுமா எதாச்சும் பண்ணிக்கறோம்."

டீச்சர் உடனே கொடுக்கவில்லை. பிள்ளையைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். மனப்பாடச் செய்யுளை ஒப்பிப்பதுபோல, இடது புருவம் சுழிப்பு, கீழ் உதடு என்னுடையது, வலது காது கொஞ்சம் மடிந்திருக்கிறது, கால் பெருவிரல் எங்கம்மாவுடையது என்று வாய்விட்டுச் சொன்னார். மறுபடி சொன்னார். மறுபடியும் சொன்னார். மறந்துபோகும் என்று தெரிந்தேதான் சொன்னார். பிள்ளை மார்பைத் தேடி முட்டியது, ஒரே ஒரு தடவை கொடுத்துவிடலாம் என்று ரவிக்கையில் கை வைத்து, கடைசியாக இறங்குவது தன் பாலாக இருந்துவிடக் கூடாது என்று கையை எடுத்துக்கொண்டார். இப்படி ஒரு வேதனை யாருக்கும் வரக்கூடாது.

"கண்ணாத்தாக்கா, நாளைக்கு என்கிட்டச் சொல்லுங்க. இது என் பிள்ளைன்னு தெனமும் சொல்லுங்க."

"சொல்றேனுங்க," என்றாள் கண்ணாத்தாள். சொன்னால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும்.

நல்லம்மாள் பிள்ளையை வாங்கி மடியில் போட்டு, கிண்ணத்தில் விரலை நனைத்து, நாக்கில் வைத்தாள். பிள்ளை அழுகையை நிறுத்திச் சப்புக்கொட்டியது. இன்னொரு சொட்டு. இன்னொரு சொட்டு. தெருவில் முதல் விளக்கு எரிந்தது.

அடுப்பின் ஓரத்தில் சுழி இல்லை.

வசுமதி டீச்சர் கட்டிலில் மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏன் இத்தனை பேர் தன் வீட்டில் நிற்கிறார்கள் என்று பார்த்தார். கண்ணாத்தாள் ஏன் அழுகிறாள் என்று பார்த்தார். உடம்பு முறித்துப்போட்டது மாதிரி வலித்தது, காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மூலையில் நல்லம்மாள் மடியில் ஒரு பச்சைக் குழந்தை மறுபடியும் அழ ஆரம்பித்தது. சர்க்கரைத் தண்ணீருக்கு அடங்குகிற பசியா அது? அழுகை ஏற ஏற டீச்சரின் ரவிக்கை முன்பக்கம் தானாக நனைந்து பரவியது. அதைக் குனிந்து பார்த்து, ஒன்றும் புரியாமல், முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார்.

"இந்தக் கத்துக் கத்துதே, யாரும் பாக்க மாட்டீங்களா?" என்று வகுப்பில் அதட்டுகிற குரலில் கேட்டார். "பச்சப் புள்ளைய இப்படிப் பசியில போட்டுட்டு, இதைப் பெத்தவ எங்க போய்த் தொலைஞ்சா?"